ஏஜென்ட் எழுதிய தங்கை

"பென்சில்ல டிக் போட்ட எடத்துல எல்லாம் கையெழுத்து போடுங்கம்மா. மீதிய நான் நிரப்பிக்கிறேன்."

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மயிலாப்பூர் மாடி வீடு ஒன்றில் காபியை ஆற்றிக்கொண்டே இப்படிச் சொன்னார் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் சுப்புராயன். இருபது வருஷமாக அவர் தொழில் நடத்துகிற விதமே அதுதான்.

கணக்கு டீச்சர் ஹம்சா பேனாவை எடுக்கவில்லை. "நாமினி அன்புக்கரசி. உறவுங்கற எடத்துல என்ன எழுதப்போறேள்? வாழ்க்கைத் துணைன்னு எழுதுங்கோ. பதினோரு வருஷமா ஒரே ஆத்துல குடித்தனம் பண்றோம். எனக்கு அவதான், அவளுக்கு நான்தான். இதுல ஒளிக்க என்ன இருக்கு?"

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அன்புக்கரசி தலை நிமிராமல் சிரித்தாள். சுப்புராயனுக்குப் புரிந்தது, புரிந்ததும் காபி புரையேறியது. "எழுதிடலாம்மா" என்றார். ஹம்சாவும் நம்பிக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் ஆபீசுக்குப் போனதும், எதற்கு வீண் வம்பு என்று 'தங்கை' என எழுதிவிட்டார். நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டார், மனுஷன்!

மூன்று வருஷத்தில் மஞ்சள் காமாலை ஹம்சாவைக் கொண்டுபோய்விட்டது. அதுவரை அந்த வீட்டு வாசற்படி மிதிக்காத அண்ணன் வெங்கடரமணன், நங்கநல்லூரிலிருந்து இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு மட்டும் ஓடோடி வந்தார். "ஹம்சாவுக்குத் தங்கையே கிடையாது சார். இவ பொய் சொல்லி எழுத வெச்சிருக்கா. பணம் எனக்குத்தான் வரணும்."

அன்புக்கரசிக்குக் கண்ணில் நீர் முட்டியது. "நான் இன்னா சார் பொய் சொன்னேன்? ஆஸ்பத்திரில பதினேழு நாளு அவ பக்கத்துல குந்திகினு இருந்தது நானு. மிஷின வித்துதான் மருந்து வாங்கினேன். இந்தத் துட்டு வந்தாத்தான் வாடகை குடுத்து அந்த வூட்ல இருக்க முடியும். இல்லாட்டி நான் எங்க போவேன்?"

மூவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்த அதிகாரி நெடுஞ்செழியன் சுப்புராயனைப் பார்த்தார். "இந்தம்மா சொல்லி எழுதியிருந்தா இவங்களுக்குப் பணம் கிடையாது. நீங்களா எழுதியிருந்தா உங்க ஏஜென்சி போயிடும். என்ன நடந்தது?"

சுப்புராயன் தை மாதம் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். வாய் திறக்காமல் இருந்தாலே போதும், பிழைத்துப் போகலாம். அன்புக்கரசி அவரைக் கெஞ்சக்கூட இல்லை.

"நானாத்தான் சார் எழுதினேன்" என்றார். காகிதம் வாங்கி அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். நெடுஞ்செழியன் அதை ஃபைலில் சேர்த்து, தொகை நாமினிக்கே என்று குறித்தார்.

ஆபீஸ் மாடிப்படியில் வெங்கடரமணன் மறித்துக்கொண்டார். "உமக்கு புத்தி கெட்டுப்போச்சா ஓய்? ஒரு பொய்க்காரிக்காகவா பொழப்பக் கெடுத்துண்டீர்?"

சுப்புராயன் நின்றார். "அவங்க ரெண்டு பேரும் நிஜத்தத்தான் சார் சொன்னாங்க. எழுதத்தான் எனக்கு தைரியம் இல்ல. நிஜம் சொல்ல வந்தவங்கள நாமளே பொய்க்காரங்களா ஆக்கிட்டு, அப்புறம் அந்தப் பொய்யக் காட்டி நாமளே அவங்க சோத்துல மண்ணப் போடறோம். இதவிட அநியாயம் என்ன சார் இருக்கு?"