கொஞ்சம் இறக்கு

வலது கை தோள்வரை உப்புத் தண்ணீருக்குள் இருந்தது. தையல்காரி கன்னத்தைத் தொட்டியின் விளிம்பில் அழுத்திக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கல்லை விரல்களால் தேடினாள்.

"அம்மா, பன்னெண்டு வருஷத் தொட்டிம்மா. கல்லைக் கலைச்சா உள்ள இருக்கறது அத்தனையும் செத்துடும்னு அப்பாவே சொல்வாரு," என்றான் மகன்.

"சாகலாம், சாகாமலும் இருக்கலாம். நீ துண்டை எடு."

கணவருக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று டாக்டர் காலையில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு மேல் யார் பேச்சையும் கேட்கிற பொறுமை அவளுக்கு இல்லை. உயிரை எடுக்க வருகிறவன் வந்து வாசலில் நிற்கட்டும், இவர் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார் என்று முடிவு கட்டியிருந்தாள்.

கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே சுவர்போல நின்றது அந்தக் கடல்மீன் தொட்டி. லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருடம் ஓடிய மனிதர் தன் கையால் அமைத்தது. பவளமும் மீனும் சாப்பாட்டு மேஜைப் பக்கம். கூடத்துப் பக்கம் கற்களின் முதுகும் குழாய்களும்தான். வாடகைக்கு எடுத்த நோயாளிக் கட்டிலோ கூடத்தில் மட்டும்தான் நுழைந்தது. ஒன்பது நாளாக அவர் தன் தொட்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நேற்று மாலைதான் அவள் கவனித்தாள். அவர் கண் தொட்டியில் இல்லை. ஓரமாகத் தெரிந்த ஃபிரிட்ஜ் கதவில் பிரதிபலித்து ஆடிய தொட்டியின் நீல வெளிச்சத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இன்று கையை உள்ளே விட்டிருந்தாள்.

"ஏய்," என்றார் கட்டிலிலிருந்து. "கல்லுல கை வைக்காதே."

"வச்சாச்சு."

"இடுக்குல முள்ளுப்புழு இருக்கு. முள்ளு ஏறிடும்."

"ஏறட்டும். ஊசி குத்தாத விரலா இது?"

அவருக்கு மூச்சு இழுத்தது. ஒரு வேலை தப்பாக நடப்பதை வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருக்க அந்த மனிதரால் எப்போது முடிந்திருக்கிறது?

"மணல் மேல கல்லை வைக்காதே," என்றார். "தோண்டி... அடிக்கண்ணாடியில உட்கார வை. இல்லேன்னா சரியும்."

"உத்தரவு."

ஒவ்வொரு கல்லாகத் தோண்டி உட்கார வைத்து, பவளங்களின் முகத்தைக் கூடத்துப் பக்கம் திருப்பினாள். கடைசியில் கை ஓய்ந்துவிட்டது. பெரிய கல் ஒன்றை மட்டும் கூடத்துப் பக்கக் கண்ணாடியோரம் மணல் மேலேயே நிறுத்தி வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். தொட்டி அரிசி கழுவிய தண்ணீராகியிருந்தது. காலையும் மாலையும் எல்லாக் கற்களையும் மேற்பார்வை பார்த்து வருவதால் ஆபீசர் என்று பெயர் வாங்கிய மஞ்சள் மீன் எங்கோ போய் ஒளிந்துகொண்டது.

மூன்று மணிக்குக் கலங்கல் குறைந்தது. அவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் இறக்கு," என்றார்.

அவள் கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்க் கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். தலைப்பக்கம் இறங்கியது.

"இறக்கு."

இன்னும் இரண்டு சுற்று.

"ச்சு," என்றார். தப்பான ஸ்பானரை நீட்டினால் வருகிற 'ச்சு' அது. கண்ணை மூடிக்கொண்டார்.

"வலிக்குதா?"

நாலரை மணிக்கு மூச்சு நின்றது. தண்ணீர் முக்கால்வாசி தெளிந்திருந்தது.

மறுநாள் மதியம் அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது, புழுவின் முட்கள் ஏறிய விரல்கள் தீயாக எரிந்தன. அவள் கையைப் பிசைவதைத் துக்கம் என்று நினைத்து, வந்தவர்கள் எல்லாம் அதே விரல்களைப் பிடித்து அழுத்தி ஆறுதல் சொன்னார்கள்.

அவருடைய அக்கா தொட்டியின் முன் நின்றாள். "உயிரா வச்சிருந்தான். கடைசி நாள்ல போய் அலங்கோலம் பண்ணிட்டியேம்மா. யாரையாவது விட்டுப் பழையபடி அடுக்கச் சொல்லு."

"பழையபடி அடுக்க மாட்டேன் அண்ணி."

"பார்க்கவேண்டியவனே போயிட்டான். இனிமே இந்தப் பக்கம் யாருக்கு?"

அதற்குள் கட்டிலை எடுத்துப்போக இரண்டு பேர் வந்து விரிப்பை உருவினார்கள்.

"நில்லுங்க," என்றாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, போய் அந்தக் கட்டிலில் படுத்து, அவர் தலை இருந்த இடத்தில் தலையை வைத்துத் தொட்டியைப் பார்த்தாள்.

பவளம் தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை. கண்ணாடியோரம் நிறுத்திய பெரிய கல்தான் குறுக்கே நின்றது. ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைப்பவள், படுத்திருக்கிறவருக்கு நின்றுகொண்டு அளவெடுத்திருக்கிறாள். கட்டில் இறங்க இறங்கக் கல் உயர்ந்திருக்கும். நாலு சுற்று. அவர் இறக்கச் சொன்னது கட்டிலை அல்ல.

அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது. அவரோடு சண்டை பிடிக்கவும் வேண்டும்போல இருந்தது. 'கல்லை' என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

எழுந்து வந்து ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள்.

"இன்னைக்குமா?" என்றாள் அண்ணி. "பார்க்கறவங்க என்ன சொல்வாங்க?"

"சொல்லிட்டுப் போகட்டும் அண்ணி. அவர் சொன்ன வேலை பாக்கி இருக்கு."

எரிகிற விரல்களை உப்புத் தண்ணீரில் விட்டாள். உயிர் போய் வந்தது. கல்லைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, கீழே நாலு விரல் ஆழ மணலைத் தோண்டினாள். அடிக்கண்ணாடி விரலில் தட்டியதும் கல்லை அதில் உட்கார வைத்தாள்.

"யாராவது படுத்துப் பார்த்துச் சொல்லுங்க," என்றாள் திரும்பாமல்.

யாரும் அசையவில்லை. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. மகன் துண்டை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"தெரியுதா?"

அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் இறக்கும்மா."

அவள் கல்லைப் படுக்கவைத்தாள். தண்ணீர் மறுபடி கலங்கியது. கட்டில் எடுக்க வந்த இருவரும் சுவரோரம் உட்கார்ந்து, அது தெளிவதற்காகக் காத்திருந்தார்கள்.