கால் விரலில் கொழுவாத வலை

றிச்மண்ட் ஹில்லில் மரியரட்ணத்தின் வரவேற்பறையில், தங்கப்பூச்சுச் சட்டத்துக்குள் ஒரு மீனவக் குடும்பம் தொங்கியது. யாரோ ஓர் ஐரோப்பிய ஓவியன் நூற்றிருபது வருஷங்களுக்கு முன் வரைந்ததன் பிரதி. குடிசை வாசலில் ஒருத்தி வலை தைக்கிறாள். மடியில் குழந்தை. கணவன் கூடை நிறைய மீனோடு சிரித்துக்கொண்டு வருகிறான். அதற்கு நேரெதிரேதான் மக்டலீனுக்கு இடம் கிடைத்தது.

மகள் ஸ்டெபனியும் மரியரட்ணத்தின் மகன் மரியோவும் மூன்று வருஷமாக விரும்புகிறார்கள். இன்று பெற்றோர் பேசி முடிக்கும் நாள். வரும் வழியில் கணவன் யோசப் ஒன்றையே நாலு தரம் சொன்னான்: "மன்னாரில கடை வச்சிருந்தனாங்கள். கடல் எண்ட சொல்லே வரக்கூடாது." இங்கே வருமுன் மன்னார்ப் பேசாலைக் கடலில் இருபது வருஷம் தோணி தள்ளியவன் கழுத்தில் டை கட்டியிருந்தான். மகளுக்காக மட்டும் மக்டலீன் வாயைப் பூட்டிக்கொண்டு வந்தாள்.

வரைந்தவனை நினைத்தாள். சோம்பேறி. வலையைக் கண்டிருக்கிறான், தைப்பவளைக் கண்டதில்லை. படத்தில் இருப்பவளின் விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை.

"படத்தையே பார்க்கிறியள், மிஸிஸ் யோசப்," என்றபடி தேநீர் ஊற்ற வந்தாள் மரியோவின் தாய் றீற்றா. "என்ன அமைதி, பாருங்கோ. நேரில எண்டால் அந்தச் சனத்துக்குக் கிட்டப் போகேலாது, மணக்கும். படத்தில வடிவு."

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் யோசப். "ஓம் ஓம், சரியான மணம்."

மக்டலீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உவள் வலை தைக்கேல்லை. வலையைக் கால் பெருவிரலில கொழுவி இழுத்துப் பிடிக்காட்டி வலைக்கண் ஒண்டு சின்னன், ஒண்டு பெரிசாப் போகும். உவள் சப்பாத்தும் போட்டுக்கொண்டு பிள்ளையைக் கொஞ்சுறாள். உந்த வலையில ஒரு மீனும் நிக்காது."

"உங்களுக்கு உதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றாள் றீற்றா.

"பதினேழு வருஷம் தைச்சனான். இவர் கிழிச்சுக்கொண்டு வருவார்."

யோசப் தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். றீற்றா தேநீர்க் கேத்திலைக் குசினிக்கே திருப்பிக் கொண்டுபோனாள். மரியரட்ணம் தொண்டையைச் செருமினார்.

"அப்ப நாங்கள் கதைச்சிட்டு ரெலிபோன் எடுக்கிறம்."

ஸ்டெபனி தாயைப் பார்க்கவில்லை. மரியோவைத்தான் பார்த்தாள். அவன் கம்பளத்தில் எதையோ தேடினான்.

"மரியோ," என்றாள்.

"லேற்றர் கதைப்பம், ஸ்டெஃப்."

மகளின் முகம் மெல்ல மாறுவதை மக்டலீன் கண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தாள். அழவில்லை. இருபத்தைந்து வருஷமாகத் தான் யோசப்பைப் பார்க்கிற பார்வை அங்கே வந்து உட்கார்ந்தது. அது இவ்வளவு சின்ன வயதில் வரும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை.

ஸ்டெபனி போய் மூன்று கோட்டுகளையும் எடுத்துவந்தாள். தாயினுடையதை விரித்துப் பிடித்துப் போடவைத்தாள். தகப்பனுடையதைக் கதிரையில் எறிந்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.