மொட்டைச்சிக்கு வைத்தியம்

மகளின் பிரசவத்துக்கென்று ரயிலேறிப் போனாள் மனைவி. பிறந்த குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நிற்கவும் தொடங்கிவிட்டது. அவள் திரும்பி வந்தபாடில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் ஊரில் தனியாக இருந்த அவருக்குப் பெரிய கஷ்டம். கோபித்துக்கொள்ளவாவது ஓர் ஆள் இருந்தால் பொழுது போயிருக்கும்.

கொட்டகையில் இருந்த கறவை மாடுகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். அவற்றில் ஒன்று மொட்டைச்சி. கொம்பில்லாததால் மனைவி வைத்த பெயர். ஒரு நாள் காலையில் அது கறக்க விடாமல் உதைத்தது. பின்காம்பு ஒன்றின் பக்கம் மடி கல் மாதிரி இறுகி, தொட்டால் சுட்டது. பீய்ச்சினால் பால் திரிதிரியாக விழுந்தது. மடிநோய். அதற்கு இது புதிதில்லை. முன்பெல்லாம் ஊசி போட்டதும் அடங்கிவிடும். இந்தத் தடவை ஊசிக்கு வீக்கம் அசைந்துகொடுக்கவில்லை.

மாட்டு டாக்டரம்மா கெட்ட பாலைக் குப்பியில் பிடித்து லேபுக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் மறுபடி வந்தார்.

“நம்ம கையில இருக்கிற மருந்து எதுக்கும் இந்தக் கிருமி மசியலங்க. திரும்பத் திரும்பப் போட்டுப் பழகிப்போச்சு. நல்லவேளை, காய்ச்சல் இல்ல, தீனியும் எடுக்குது. கத்தாழை, மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு, மூணையும் அரைச்சுத் தண்ணி விட்டு மடி முழுக்கப் பூசிப் பாக்கலாம்.”

“பூசினா போதுமாம்மா?”

“போதாது. ஒவ்வொரு தடவையும் கெட்ட பாலை முழுசா பீச்சி வெளியேத்தணும், மடிய கழுவணும், அப்புறம் பூசணும். காஞ்சதும் மறுபடி முதல்லேருந்து. நாள் பூரா வேலை. கட்டாயம் கேக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். காய்ச்சல் வந்தாலோ தீனியை விட்டாலோ உடனே கூப்பிடுங்க. வீட்டுல கூட ஆள் இருக்கா?”

“நான் இருக்கேன்” என்றார்.

அடுக்களையில் டப்பா டப்பாவாகத் திறந்து பார்த்துவிட்டு மனைவிக்கு போன் போட்டார்.

“மஞ்சள் எங்க வச்சிருக்க?”

“என்ன, திடீர்னு சமையல்?”

“மாட்டுக்கு.”

“அதானே பாத்தேன்.” சிரித்தாள். “எந்த ஜார்ல அரைக்கப் போறீங்க? என் சின்ன ஜாரைத் தொட்டுடாதீங்க, சொல்லிட்டேன்.”

“தொடல” என்றபடியே சின்ன ஜாரின் மூடியைத் திறந்தார்.

அன்றிலிருந்து அவர் இருப்பெல்லாம் கொட்டகையில்தான். பீய்ச்சுவார், கழுவுவார், பூசுவார். காயும்வரை முக்காலியில் உட்கார்ந்து போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். முன்பெல்லாம் “சாப்டீங்களா”, “சாப்ட்டேன்” என்பதோடு பேச்சு நொண்டிப் படுத்துவிடும். இப்போது பேச விஷயம் இருந்தது. சூடு குறைஞ்சுதா, பால் எப்படி வருது, உதைக்குதா என்று அவள் துருவித் துருவிக் கேட்டாள்.

வீக்கம் மெல்ல வடிந்தது. திரிதிரியாக வந்த பால் தெளிந்தது. டாக்டரம்மா மறுபடி சோதித்துவிட்டு, “நல்லாயிடுச்சு, நிறுத்திக்கலாம். அந்தக் காம்புல மட்டும் பழைய அளவு வராது” என்றார்.

அன்று மனைவியிடம் அவர், “இன்னும் கொஞ்சம் வீக்கம் இருக்கு” என்றார். மறுநாளும் அதையே சொன்னார். பூசுவதற்கு ஒன்றுமில்லாமல் முக்காலியில் உட்கார்ந்திருந்தவரை மொட்டைச்சி, உனக்கு வேறு வேலையே இல்லையா என்பதுபோல் திரும்பிப் பார்த்தது.

சில நாள் கழித்து அவளே கூப்பிட்டாள்.

“மனசு கேக்காம டாக்டரம்மாகிட்ட பேசினேன். எப்பவோ நல்லாயிடுச்சாமே.”

“ஆமா.”

“ஏன் சொல்லல?”

“சொல்லிட்டா, அப்புறம் என்னத்தப் பேசறது?”

அந்தப் பக்கம் குழந்தையைக் கீழே இறக்கிவிடும் சத்தம் கேட்டது. பிறகு, “மாட்டையெல்லாம் குடுத்துட்டு இங்க வந்துடுங்களேன்” என்றாள்.

“வந்து? நான் அங்க என்ன பண்ணுவேன்?”

“நான் மட்டும் என்ன பண்றேன்? அவங்க ரெண்டு பேரும் கெளம்பிப் போனா சாயங்காலம் வரைக்கும் பேச்சுத் துணைக்கு ஆளில்ல. நீங்க பேசறப்ப பக்கத்துல மாடு மூச்சு விடறது கேக்கும். அதக் கேட்டுட்டே இருக்கலாம்னுதான் போனை வைக்காம—”

ஏதோ விழும் சத்தம். குழந்தை வீரிட்டு அழுதது.

“இருங்க, பையன் விழுந்துட்டான்.”

இணைப்பு அறுந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டே காத்திருந்தார். வரவில்லை. மாடுகள் தீனிக்குக் கத்தத் தொடங்கியதும் எழுந்து போனார்.

மறுநாள் காலை கறவை முடிந்ததும் அவர்தான் கூப்பிட்டார்.

“பையனுக்கு அடி பலமா?”

“இல்ல, நெத்தியில லேசாப் புடைச்சிருக்கு.”

“சரி.”

வைக்கத்தான் போனார். கை வரவில்லை. அவளும் வைக்கவில்லை. முக்காலியை மொட்டைச்சிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.