பசையில் ஒட்டி வந்தது

ஐலியின் வீட்டு வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. பதினேழு வயதில் அவளே அதைத் திருப்புளியால் கழற்றிக் குப்பையில் போட்டாள். அப்புறம் நாற்பத்தொரு குளிர்காலம் போய்விட்டது. காற்றில் கதவு திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு முக்காலியை முட்டுக்கொடுத்து வைப்பாள். அதுவும் பச்சைக் குழந்தை தள்ளினால்கூட நகர்கிற முக்காலி. மிச்சிகனின் வடகோடியில், தீபாவளி மாதிரி எதுவும் இல்லாமலே அக்டோபரில் பனியால் வெள்ளையடித்துக்கொள்கிற ஊரில், இப்படி ஒரு கதவை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்கிறவளை நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்தார்கள். கிளை சுவரில் உரசினாலும் எழுந்து போய்த் திறந்து பார்க்கிறாள் என்று சிரித்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்றான் அண்டை வீட்டு சூலோ. அவள் கணப்புக்கு விறகு பிளந்து கொடுப்பவன் அவன்தான். சூடு வெளியே போவதைப் பார்க்க அவனுக்கு வயிறு எரியும்.

ஏன் என்று ஐலி யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற தாயிடம்கூட.

அந்தத் தாய் தொண்ணூற்றிரண்டு வயதில், அக்டோபர் கடைசியில் போய்ச் சேர்ந்தாள். சாமான்களை ஒழிக்கும்போது கம்பளிப் பெட்டியின் அடியில், தலையணை உறைக்குள் சுற்றிவைத்த ஒரு ரெக்கார்டு கிடைத்தது. அட்டையைப் பார்த்ததுமே ஐலி பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா அதை எரித்துவிட்டாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

அண்ணன் ரெய்னோ அவள் பிறந்தநாளுக்குக் கொடுத்தது அது. தேவாலயத்தில் பழைய சாமான் விற்றபோது வாங்கி வந்தான். பின்லாந்து டாங்கோ, அழவும் வேண்டும், ஆடவும் வேண்டும் என்கிறவர்களுக்கென்றே செய்த பாட்டுகள். கொடுத்த கையோடு ரெய்னோ ஏரிக்குப் போனான், பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இரவு வேலை. சாயங்காலம் பனிப்புயல் கிளம்பியது. காற்று கதவைத் திரும்பத் திரும்பத் தள்ளித் திறந்ததால் ஐலி தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு ரெக்கார்டை முதல்தடவையாகச் சுழலவிட்டு, துடைப்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினாள்.

இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. அக்கார்டியன் வாத்தியம் ஓய்ந்து பாடகன் குரல் திரும்பி வருகிற இடத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். சற்று விட்டு இன்னொன்று, அதே அளவு விட்டு இன்னொன்று. மூன்றும் அவள் ஆட்டத்தோடு ஒத்துப்போயின. நான்காவது ஒத்துப்போகவில்லை. அதில் அவள் கால் இடறியது. பழைய ரெக்கார்டுதானே, கீறல் இருக்கும் என்று தனக்குள் சிரித்துக்கொண்டு மறுபடி ஆடத் தொடங்கினாள்.

காலையில், வாசலிலிருந்து பத்தடியில், விறகு அடுக்கின் பக்கத்தில் ரெய்னோவைப் பனிக்கடியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். இடுப்புவரை நனைந்து விறைத்திருந்தான். ஏரியில் விழுந்து, ஏறி, அத்தனை தூரம் நடந்து வந்திருக்கிறான். கதவுவரை வந்து திரும்பினானா, வராமலே விழுந்தானா என்று சொல்ல ஓர் அடிச்சுவடு மிச்சமில்லை. ஏதாவது சத்தம் கேட்டதா என்று அம்மா ஒரே ஒரு தரம் கேட்டாள். இல்லை என்றாள் ஐலி. அந்த ஒரு வார்த்தையோடுதான் அன்று முதல் சாப்பிட்டாள், தூங்கினாள், மாரடித்தாள். சத்தம் ரெக்கார்டிலிருந்து வந்ததென்றால் அவள்மேல் பழி இல்லை. கதவிலிருந்து வந்ததென்றால், வாசல்வரை வந்த அண்ணனை வெளியே நிற்கவைத்து அவள் ஆடியிருக்கிறாள்.

அதனால்தான், ரெக்கார்டு கிடைத்ததும் சூலோவைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். ரெய்னோவோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவனைத் தோண்டி எடுத்த காலையில் மண்வாரியோடு வந்தவர்களில் ஒருவன். பழைய ரெக்கார்டுகளைச் சுத்தம் செய்வதில் அவனுக்கு ஒரு பித்து. கடையில் காசு கொடுத்து எதையும் வாங்கமாட்டான். சின்னப் புட்டியில் அடைத்து முப்பது டாலருக்கு விற்கிறார்களே, அதில் வடித்த நீரும் கொஞ்சம் மருந்துக்கடை ஆல்கஹாலும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் தவிர என்ன இருக்கிறது என்று போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேட்பான். அவன் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும்.

தன் பிளேயரையும் தூக்கிக்கொண்டு வந்தான். ரெக்கார்டின் மேல் சாம்பல் பூத்தது போலப் பூஞ்சை. அப்படியே போட்டுப் பார்த்தார்கள். கடுகு தாளிக்கிற சத்தம்தான் வந்தது. பாட்டு எங்கே, பாடகன் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை.

"சோப்புத் தண்ணில ஒரு குளியல் போட்டா போதும், பொண்ணு பார்க்க வர்ற அன்னிக்கு மாதிரி மினுங்கும்," என்றான் சூலோ.

"தண்ணி வேண்டாம்."

"ஏன், ஜலதோஷம் பிடிச்சுக்குமா?"

அப்போதுதான் ஐலி சொன்னாள். தாழ்ப்பாள், துடைப்பம், கேட்ட நாலு சத்தம், அம்மாவிடம் சொன்ன பொய், ஒன்றுவிடாமல் சொன்னாள். சூலோ காப்பிக் கோப்பையைக் கையில் வைத்தபடியே இருந்தான், குடிக்கவில்லை.

"அழுக்காலதான் அந்தச் சத்தம்னு வச்சுக்கோ. நீ கழுவினா அது சாக்கடையோட போயிடும். அப்புறம் நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்றாள்.

சூலோ ரெக்கார்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தான். கடைசியில், "மரம் ஒட்டற பசை இருக்கு," என்றான். "ஊத்திக் காயவிட்டுத் தோலா உரிச்சிடலாம். பள்ளத்துல எது கிடந்தாலும் அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும். ஒரு தூசு தொலையாது."

"கீறலா இருந்தா?"

"கீறல் எங்க போகும்? உரிச்சப்புறமும் அங்கயேதான் இருக்கும், டொக்குன்னும்."

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார்கள். நடுவிலிருந்த பெயர்த்தாளில் பசை படாமலிருக்க ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்தான். பசையை வட்டமாக ஊற்றி, காலாவதியான நூலக அட்டையால், ரெக்கார்டைச் சுழற்றிச் சுழற்றி, தோசை மாவைத் தேய்ப்பது போல விளிம்புவரை சீராக இழுத்தான். உரிக்கப் பிடி வேண்டுமென்று ஓரத்தில் ஒரு நாடாத் துண்டைப் பதித்தான். வழக்கமாக இந்த வேலையில் அவன் வாய் ஓயாது. அன்று சொன்னதெல்லாம் ஒன்றுதான்: மெல்லிசாகப் போட்டால் கிழிந்துவிடும்.

ஒரு முழு நாள் காய வேண்டும். ஐலி அதைக் கணப்பறையின் மேசைமேல் வைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பால் நிறப் பசை ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் தெளிந்து கண்ணாடியானது. அந்த ஒரு நாளில் மூன்று தரம் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். ஒரு தரம் கிளை, ஒரு தரம் தபால்காரர், ஒரு தரம் யாருமில்லை. பயம்தான் அவளுக்கு, ஆனால் பயத்துக்குள் ஓர் ஆசையும் இருந்தது, நாளை இந்நேரம் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கலாம் என்று.

மறுநாள் மத்தியானம் சூலோ வந்து நாடாவைப் பிடித்து இழுத்தான். சரசரவென்று பாம்புச் சட்டை போல முழுசாக உரிந்து வந்தது. ரெக்கார்டு அடியில் கருகருவென்று மின்னியது. தோலில் பூஞ்சையெல்லாம் அப்பியிருந்தது.

முதலில் பாட்டைப் போட்டான். நாற்பத்தொரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பாடகன் அந்தக் கூடத்தில் நின்று பாடினான். அக்கார்டியன் ஓய்ந்தது. குரல் திரும்பி வந்தது. ஐலி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒரு சத்தமும் இல்லை. கீறல் இல்லை, இடறல் இல்லை. பாட்டு நீர் போல ஓடிற்று.

"பொறு," என்றான் சூலோ. "இன்னும் தோலு இருக்கு."

ஊசியை அந்த இடத்தில் நிறுத்தி, நடுவிலிருந்து எத்தனை தூரம் என்று ஒரு நூலால் அளந்தான். தோலை ஜன்னல் கண்ணாடிமேல் ஒட்டினாற்போல் பிடித்து, அதே நூலை அதன்மேல் வைத்து, பூதக்கண்ணாடியோடு வட்டமாகத் தேடிக்கொண்டு போனான். ரெக்கார்டில் பள்ளமாக இருந்த வரிகள் தோலில் மேடாக இருந்தன. அவன் மூச்சு ஜன்னலில் படிந்து படிந்து மறைந்தது.

"இருக்கு. மெழுகு. தேவாலயத்து மெழுகுவர்த்தி சொட்டியிருக்கு. ஐலி, இங்க வந்து பாரு. இதுதான் உன் சத்தம்."

அவள் பார்த்தாள். மஞ்சளாக ஒரு சின்னக் கோடு, வரிகளுக்குக் குறுக்கே. ஐலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தொரு வருடம் கழுத்தில் கட்டியிருந்த கல் அவிழ்ந்து விழுந்த மாதிரி இருந்தது. சூலோ அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். ரெக்கார்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஊசி ஒரு வரி தாண்டும், ஒவ்வொரு வரியிலும் மெழுகில் ஒரு தரம் இடிக்கும், இவ்வளவுதான் விஷயம் என்றான்.

அழுகை நின்றது. "எத்தனை வரி?" என்றாள்.

சூலோ மறுபடி குனிந்தான். எண்ணினான். இன்னொரு தரம் எண்ணினான். பிறகு நிமிராமலே இருந்தான்.

அவள் பூதக்கண்ணாடியை வாங்கித் தானே பார்த்தாள். மூன்று மேடுகளில் மெழுகு ஒட்டியிருந்தது. நான்காவது மேடு பளிச்சென்று இருந்தது. மூன்றுக்கு முந்தியதும் பளிச்சென்று இருந்தது.

"ஆட்டத்து மும்முரத்துல தப்பா எண்ணியிருப்ப," என்றான் சூலோ. "பதினேழு வயசு. யாரு எண்ணுவா அதையெல்லாம்?"

எண்ணியது அவள் இல்லை, அவள் கால். ஒத்துப்போகாத சத்தத்தில் அது இடறியது, அவ்வளவுதான். மூன்று தரம் ரெக்கார்டு தட்டிப் பழக்கியது. நான்காவதும் அதுதான் என்று அவளை நம்பவைத்தது. வந்தவனுக்கு ஒரே ஒரு தரம் தட்டத்தான் தெம்பு இருந்திருக்கிறது.

"அந்தப் பாட்டை முதல்லேருந்து போடு," என்றாள்.

சூலோ போட்டான். ஐலி போய் முக்காலியைக் காலால் நகர்த்திவிட்டுக் கதவை அகலத் திறந்தாள். விறகு அடுக்கின்மேல் புதுப்பனி விழுந்துகொண்டிருந்தது. குளிர் உள்ளே வந்து தரையில் பரவியது. அக்கார்டியன் ஓய்ந்து பாடகன் திரும்பி வந்தபோது, அவள் வெளியே பார்த்து, சாதாரணக் குரலில், "உள்ள வா, ரெய்னோ. திறந்துதான் இருக்கு," என்றாள்.

பாட்டு முடிந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். சூலோ கணப்பில் இன்னும் இரண்டு கட்டை வைத்தான். கதவைச் சாத்து என்று சொல்லவில்லை.