குண்டனுக்குக் கட்டிய சாப்பாடு

எங்கள் வீட்டில் அண்ணனுக்கு வெங்காயம் ஆகாது. அப்பாவுக்குக் காரம் ஆகாது. தம்பி முட்டையில் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு மஞ்சளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுவான். மூன்று பேருடைய நாக்கையும் அம்மா மனப்பாடமாக வைத்திருக்கிறாள். என்னைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், "அது எதைக் குடுத்தாலும் சாப்பிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள். பெருமையாகத்தான் சொல்வாள். அண்ணன் பொறுக்கிப் போட்ட வெங்காயம், தம்பியின் மஞ்சள் கரு, சட்டியில் அடிப்பிடித்தது, நேற்று மீந்தது என்று எல்லாம் என் தட்டுக்கு வந்துவிடும். நானும் மூக்குமுட்டத் தின்று வளர்ந்தேன். தம்பி எனக்கு வைத்த பெயர் குப்பைத்தொட்டி.

கல்லூரியில் நான் எடுத்தது மாற்று எரிசக்திப் படிப்பு. கடைசி வருடத்தில் ஒரு கருவி செய்து காட்ட வேண்டும். மீந்துபோன சாப்பாட்டிலிருந்து எரிவாயு எடுக்கலாம் என்று நான் சொன்னபோது புதுமையான யோசனை என்று ஆசிரியர்கள் பாராட்டினார்கள். எனக்கு அதில் ஒரு புதுமையும் தெரியவில்லை. மிச்சத்தைத் தின்று சக்தியாக்கும் வேலையை விவரம் தெரிந்த நாளிலிருந்து செய்துவருகிறேன். அதை இப்போது ஒரு நீல பிளாஸ்டிக் பீப்பாயிடம் ஒப்படைத்தேன், அவ்வளவுதான்.

பீப்பாய்க்குள் காற்றுப் புகாது. மிச்சச் சாப்பாட்டை அரைத்து, தண்ணீர் கலந்து ஊற்றினால் உள்ளே இருக்கும் கிருமிகள் அதைத் தின்று வாயுவை விடும். வாயு குழாய் வழியாக ஒரு ரப்பர் பையில் சேரும். பையிலிருந்து அடுப்புக்குப் போகும். என்னோடு சேர்ந்து இதைச் செய்தவள் விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு தோழி. கண்ணில் பட்டதையெல்லாம் அளந்துகொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்கு மீட்டர் என்று பெயர். பீப்பாயின் தொப்பையைப் பார்த்துக் குண்டன் என்று பெயர் வைத்ததும் அவள்தான். தேர்வாளர் வரும் நாளில் குண்டனின் வாயுவில் ஒரு பாத்திரம் தண்ணீர் கொதித்தால் நாங்கள் தேர்ச்சி. கொதிக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் இந்தப் பீப்பாயோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

கல்லூரி உணவகத்தின் மிச்சம் ஏற்கெனவே ஒரு பன்றிப் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தது. பன்றிகளோடு மல்லுக்கட்டிப் பார்த்தோம், ஜெயிக்க முடியவில்லை. விடுதியிலோ மீட்டருக்கே அரைவயிறு. ஆக, குண்டன் எங்கள் வீட்டு அடுப்படியை நம்பித்தான் இருந்தான். தினமும் காலையில் மிச்சத்தை ஒரு டப்பாவில் அடைத்து எடுத்துப்போவேன். எதற்கு என்று வீட்டில் சொல்லவில்லை. ஒருமுறை அண்ணனுக்குச் சூரியத் தகடு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கப்போனேன், அவன் பாதியிலேயே குறட்டைவிட்டான். அன்றோடு என் படிப்பை வாசலிலேயே செருப்போடு கழற்றிவைக்கப் பழகிவிட்டேன்.

ஒருநாள் காய்ச்சலில் படுத்திருந்தேன். மீட்டரைக் கைப்பேசியில் பிடித்து, குண்டன் சாப்பிட்டானா, வயிறு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன்.

"பட்டினி போட்டுடாதடி," என்றேன். "நான் ஒருநாள் வரலைன்னாலும் அவன் தாங்க மாட்டான்."

அம்மா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுபோனதை நான் கவனிக்கவில்லை. பெண்ணை அது என்றும் பீப்பாயை அவன் என்றும் சொல்லித் திரிந்தால் வம்பு வராமல் என்ன செய்யும்? உயர்திணை, அஃறிணை என்று பள்ளியில் நெட்டுருப் போட்டதெல்லாம் எங்கள் வீட்டில் செல்லாது.

காய்ச்சல் விட்டுக் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று டப்பா சூடாக இருந்தது. கனமாகவும் இருந்தது. திறந்து பார்த்தால் பொன்னிறமாக வறுத்த உருளைக்கிழங்கும், மஞ்சள் கருவோடு முழு முட்டைகளும் இருந்தன. மிச்சம் எங்கே என்று கேட்டேன்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பழசையா ஒரு பிள்ளைக்குக் குடுத்தனுப்புவ? நாளைக்கு வயிறு கெட்டுப்போனா அவங்க வீட்டுக்கு யாரு பதில் சொல்றது? அப்பாகிட்ட நான் பக்குவமா பேசிக்கறேன். நீ முதல்ல படிப்பை முடி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். டப்பாவிலிருந்து வாசனை வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அதைக் குண்டனுக்கு ஊற்றத்தான் எடுத்துப்போனேன், சத்தியமாக. ஆனால் உருளைக்கிழங்கை அரைக்கப் போனபோது எனக்குக் கை வரவில்லை. ஆய்வுக்கூடத்தின் பின்பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முழுவதையும் நானே தின்றேன். மஞ்சள் கரு வெள்ளையோடு சேர்ந்து வாய்க்குள் போனால் அது வேறு ருசி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அம்மா கேட்டாள். "அவனுக்குப் பிடிச்சிருந்துச்சாமா?"

"காரம் இன்னும் கொஞ்சம் வேணுமாம்," என்றேன்.

மறுநாள் காரம் தூக்கலாக இருந்தது. அப்புறம் எனக்குக் குளிர்விட்டுப்போயிற்று. அவனுக்கு உருளைக்கிழங்கு மொறுமொறுவென்று இருக்க வேண்டுமாம் என்றேன், இருந்தது. அவனுக்குக் கத்தரிக்காயைக் கண்டாலே ஆகாதாம் என்றேன். கத்தரிக்காய் நின்றது. இத்தனை வருடம் சட்டி சட்டியாகக் கத்தரிக்காய் தின்றவள் நான். எனக்கு அது பிடிக்காது என்பது அந்தப் பொய்யைச் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. அம்மா ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள், முகம் மலர்ந்து தலையாட்டினாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு பீப்பாயின் மேல் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மிச்சத்தையாவது ஒளித்து எடுத்துப்போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பழசை அந்தப் பிள்ளைக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று பயந்து அம்மா அதை முழுக்க என் தட்டிலேயே கொட்டி, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். மதியம் அவன் சாப்பாடு, இரவு என் சாப்பாடு. நான் ஊதிக்கொண்டே போனேன். குண்டனின் ரப்பர் பை வாடிக்கொண்டே போனது. பை ஏன் சுருங்குகிறது என்று மீட்டர் குடைந்தெடுத்தாள், கிருமிகளுக்கு மனசு சரியில்லையோ என்று மழுப்பினேன். அவள் விடுதி முழுக்க அலைந்து பழத்தோல்களைப் பொறுக்கிவந்து ஊற்றினாள். அதில்தான் அவன் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

தேர்வாளர் வந்துவிட்டார். நரைத்த தலை, நல்ல தொப்பை. நான் அடுப்பில் பாத்திரத்தை வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் அம்மா நின்றாள். நல்ல உடை உடுத்தியிருந்தாள். கையில் டப்பா வைத்திருந்தாள். அவனை நேரில் பார்க்க வந்திருக்கிறாள் என்று புரிந்தது. அறை முழுவதும் ஓடிய அவள் கண் தேர்வாளரின் தொப்பையில் வந்து நின்றது. முகம் செத்துப்போயிற்று. என்னிடம் வந்து காதில் கேட்டாள்.

"என்னடி இது, உங்கப்பாவைவிட மூத்தவரா இருக்காரு?"

"அம்மா, அவர் தேர்வாளர். குண்டன் அதோ இருக்கான்."

அம்மா பீப்பாயைப் பார்த்தாள். அதன் பின்னால் யாராவது ஒளிந்திருக்கிறார்களா என்று எட்டியும் பார்த்தாள். அதற்குள் தேர்வாளர், ஆரம்பிக்கலாமா என்று கேட்டுவிட்டார்.

பற்றவைத்தேன். நீலச் சுடர் அழகாகத்தான் வந்தது. மீட்டர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் வெதுவெதுப்பாகி, பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. பிறகு சுடர் ஒருமுறை எக்கிவிட்டு அணைந்துபோயிற்று. மீட்டர் என் கையை விட்டுவிட்டாள்.

தேர்வாளர் அவள் எடுத்துவைத்த அளவுகளைப் புரட்டினார். "நல்லா வந்துட்டிருந்த வாயு திடீர்னு விழுந்திருக்கே. தீனி வரலையா?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் மீட்டரின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

"வந்துச்சு சார். நான் சாப்பிட்டுட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார், பீப்பாயைப் பார்த்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். கருவியில் கோளாறு இல்லை, கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது என்று உடன் வந்திருந்த எங்கள் துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டு, பீப்பாய்க்கு ஒழுங்காகத் தீனி போட்டு அடுத்த மாதம் மறுபடி காட்டச் சொன்னார். மீட்டர் என்னோடு பேசாமல் பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

அம்மா பீப்பாயின் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றேன்.

"காரம் பத்தலைன்னு சொன்னது யாரு?"

"நான்தாம்மா."

"மொறுமொறுன்னு கேட்டது?"

"நான்தான்."

"கத்தரிக்கா?"

"பிடிக்காதும்மா."

"இத்தனை வருஷமா தின்னியேடி. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அவனுக்கு என்ன பிடிக்கும்னு தினமும் கேட்டியேம்மா. அதான் சொன்னேன்."

அம்மா டப்பாவின் மூடியைத் திறக்கப் பார்த்தாள், இறுகியிருந்தது. நான் வாங்கித் திறந்தேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு இன்னொரு முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காரு," என்றாள். "வேற என்னவெல்லாம் பிடிக்காது, சொல்லு."