நாற்காலி இல்லாத வகுப்பு

ஐந்து மாத வயிற்றோடு ரமாபாய் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றுகொண்டே பாடம் நடத்தினாள். காலடிப்பேட்டையில் அவள் வேலை பார்த்த தனியார் பள்ளியில் எந்த வகுப்பறையிலும் ஆசிரியருக்கு நாற்காலி கிடையாது. முன்பு இருந்தது. உட்கார்ந்தால் டீச்சர்களுக்குத் தூக்கம் வருகிறது என்று கரஸ்பாண்டன்ட் ஜேக்கப் எல்லாவற்றையும் எடுத்து, தன் அறைக்கு வெளியே பெற்றோர் காத்திருக்கும் இடத்தில் போட்டுவிட்டார்.

புளியந்தோப்பு வீட்டுக்கு வந்து சேரும்போது அவள் கால் செருப்புக்குள் அடங்காது. கணவன் பீம்ராவ் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைப்பான்.

"இன்னா ரமா, காலு இப்டி வீங்கிக் கீது? நிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிச்சில்ல? வேலைய வுட்டுடு."

விட்டால் குழந்தை பிறந்த பிறகு யார் திரும்பச் சேர்ப்பார்கள் என்று அவள் கேட்டாள். அப்படியானால் அந்த ஆளிடம் நான் வந்து பேசுகிறேன் என்று அவன் எழுந்தான். இருக்கிற பேஜாரு போதாதா என்று அவனை அடக்கி உட்கார வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

மாத அறிவியல் தேர்வு வந்தது. உடம்பு முழுவதற்கும் ரத்தத்தை அனுப்புவது இதயத்தின் வலது கீழறை என்று எட்டாம் வகுப்பில் அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். இடது கீழறை என்பதுதான் சரி. பிள்ளைகள் மேல் தவறில்லை. கடைசி பீரியடில் இடுப்பு வலியோடு சுவரில் சாய்ந்துகொண்டு அவள் சொன்னதைத்தான் அப்படியே எழுதியிருந்தார்கள்.

ஜேக்கப் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வைத்துச் சரிசெய்யச் சொன்னார். களைப்பால் வந்த தவறுக்கு இன்னும் கொஞ்சம் களைப்புதான் மருந்து போலிருக்கிறது. அவள் ஒரே ஒரு நாற்காலி கேட்டாள்.

"உங்களுக்குத் தந்தா எல்லாரும் கேப்பாங்க மிஸ். ரோஸ்மேரி மிஸ் ஒம்பதாம் மாசம் வரைக்கும் நின்னாங்களே."

ரோஸ்மேரிக்கு இன்றுவரை மாடிப்படி ஏற முடியவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது.

ஞாயிறன்று கொஞ்ச நேரம் நின்றதுமே அடிவயிறு பிடித்து இழுத்தது. போதும் என்று தோன்றியது. சாக்பீஸோடு சுவரைப் பிடித்து மெல்லத் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பிள்ளைகளைச் சுற்றி உட்காரச் சொல்லி, சிமென்ட் தரையில் பெரிதாக ஓர் இதயம் வரைந்தாள். வலி மெதுவாக விட்டது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பதில் சொல்ல அவளுக்கும் ஆசையாக இருந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படிப் பாடம் எடுத்து.

ஜேக்கப் வாசலில் வந்து நின்றார். "என்ன மிஸ் இது? எழுந்திருங்க."

"தனியா எழுந்திரிக்க முடியாது சார். ரெண்டு பேர் புடிச்சுத் தூக்கணும். பாடம் முடியட்டும், நீங்களும் ஒரு கை குடுங்க."

பின்னால் யாரோ சிரிப்பை விழுங்கினார்கள். ஜேக்கப் அவள் வயிற்றைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். உட்கார இடம் தேடுவதுபோல் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கதவோரம் சாய்ந்து நின்றார்.

ரமாபாய் சாக்பீஸால் இடது கீழறையைத் தட்டிக் காட்டி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.