கட்டைவிரலில் எண்ணெய்

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய பட்டறை அது. இரும்பைச் சுழலவிட்டுச் சீவும் லேத்து அக்காவுடையது, வெல்டிங் தம்பியுடையது. லேத்து ஓட்டுபவள் என்பதால் தெருவில் அவளை எல்லோரும் டர்னர் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

வெட்டும் டூலைப் பிடித்திருக்கும் பழைய சதுர டூல் போஸ்டோடு அவள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தாள். டூல் மாற்றும்போதெல்லாம் போல்ட்டுகளைத் தளர்த்தி, அடியில் தகட்டுத் துண்டுகளை அடுக்கி, முனை சுழலும் இரும்பின் மையத்துக்கு நேராக வருகிறதா என்று முதுகை வளைத்துப் பார்க்க வேண்டும். உடைந்த ஹாக்ஸா பிளேடு, டப்பா மூடி என்று அகப்பட்டதெல்லாம் டூலுக்கு அடியில் போகும். ஒருமுறை தம்பியின் விசிட்டிங் கார்டும் போனது.

"குயிக் சேஞ்ச் போஸ்ட் ஒண்ணு போட்டுடலாம்டா," என்றாள் ஒரு நாள். "ஒவ்வொரு டூலுக்கும் ஒரு ஹோல்டர். உயரத்த ஒரு தடவ நட்டுல வெச்சுட்டா முடிஞ்சுது. அப்புறம் சொருகு, கைப்பிடிய இழு, வெட்டு."

தம்பி போனில் தேடினான். புதிதில் மலிவானது பிஸ்டன் வகை. உள்ளிருந்து ஒரு உருளை வந்து ஹோல்டரை வெளியே நெட்டிப் பிடிக்கும். ஆப்பு வகை உள்ளே இழுத்துப் பிடிக்கும். அதற்கு உறுதியும் அதிகம், விலையும் அதிகம். விலையைப் பார்த்ததும் தம்பி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

"போஸ்ட் பெரிய விஷயமில்லடா. ஹோல்டர்தான் செலவு," என்றாள் அக்கா. "கூட வர்ற ரெண்டு ஹோல்டர வெச்சுக்கிட்டு என்ன பண்றது? மறுபடியும் கழட்டி மாட்டிக்கிட்டேதான் இருக்கணும்."

"சட்டைய வித்துட்டு பட்டனத் தனியா வாங்கிக்கோன்னு கடைக்காரன் சொல்ற மாதிரி இருக்கு," என்றான் தம்பி.

பழைய மிஷின் வாங்கி விற்கிற ஒருவர் இருந்தார். எந்த நேரமும் கம்பளித் தொப்பி போட்டிருப்பதால் குல்லா என்று பெயர். லேத்தில் போஸ்ட் உட்காரும் ஸ்லைடிலிருந்து மையம் வரை உள்ள உயரத்தை அளந்துகொண்டு அக்கா அவர் கடைக்குப் போனாள். போஸ்ட் பெரிதாக இருந்தால் ஹோல்டரை எவ்வளவு இறக்கினாலும் டூல் மேலேயே நிற்கும். அந்தத் தண்டச் செலவுக்கு அவள் தயாராக இல்லை.

குல்லா ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். ஆப்பு வகைப் போஸ்ட். ஒரு டஜன் ஹோல்டர்கள், எண்ணெய் பூசி, பல்வரிசை போல அடுக்கியிருந்தன. அவள் ஒரு ஹோல்டரை மாட்டிக் கைப்பிடியை இழுத்து ஆட்டிப் பார்த்தாள். இம்மிகூட அசையவில்லை. அளவும் பொருந்தியது.

"ஒரே ஆளு கையில இருந்த சாமான் தங்கச்சி," என்றார் குல்லா. "அந்த வீட்டுல இத எடுத்துட்டுப் போங்கன்னாங்க. லேத்து பழசு, உடைச்சு இரும்புக்குப் போயிடுச்சு. பெட்டிய மட்டும் நான் வெச்சுக்கிட்டேன்."

கேட்ட விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது. வாங்கி வந்துவிட்டாள்.

முதல் நாள் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. டூல்களை ஹோல்டர்களில் பூட்டி, உயர நட்டைத் திருகி, ஒவ்வொன்றையும் மையத்துக்குக் கொண்டுவந்து, பூட்டு நட்டையும் இறுக்கினாள். மாற்றுவதும் வெட்டுவதும் தண்ணீர்பட்ட பாடாக இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு ராடின் முகத்தைச் சீவியபோது நடுவில் சின்ன மொட்டு ஒன்று நின்றது. டூல் மையத்துக்குக் கீழே இருந்தால்தான் அப்படி நிற்கும். சரியாக இறுக்கவில்லை போல என்று நட்டைத் திருகி ஏற்றினாள். அடுத்த ஹோல்டரை எடுத்தாள். அதுவும் இறங்கியிருந்தது. எல்லாமே இறங்கியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு அளவாக இல்லை. எல்லாம் ஒரே அளவு.

"டேய், இதுல கை வெச்சியா?"

"எனக்கு வேற வேலையில்லையா? உன் லேத்துப் பக்கம் வந்தா நீ என் கைய ஒடிச்சிடுவ."

அன்று மாலை பூட்டு நட்டுகளை ஸ்பேனர் போட்டு இறுக்கி, ஒவ்வொன்றின் குறுக்கேயும் வெள்ளைப் பெயிண்டால் கோடு இழுத்துவிட்டு ஷட்டரைப் பூட்டினாள். சாவி அவளிடம்தான் இருந்தது. காலையில் கோடுகள் எல்லாம் உடைந்து, நட்டின் மேலிருந்த பாதிக் கோடு ஒரு பக்கமும் ஹோல்டரின் மேலிருந்த பாதிக் கோடு இன்னொரு பக்கமும் நின்றன. நட்டுகளின் மேல் எண்ணெய் பூசியிருந்தது. பட்டறையில் அவர்கள் பயன்படுத்தும் மெல்லிய எண்ணெய் இல்லை. கெட்டியாக, கறுப்பாக, பழைய கியர்பெட்டியின் வாசனையோடு இருந்தது. ஒரு நட்டின் மேல் அகலமான கட்டைவிரல் ரேகை பளிச்சென்று தெரிந்தது.

தம்பி தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அவனுடையது அதில் பாதிதான் இருந்தது. அதற்குப் பிறகு அவன் ஜோக் அடிக்கவில்லை.

அக்கா ஒரு ஹோல்டரைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு குல்லாவிடம் போனாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு அந்த வீட்டு விலாசத்தைச் சொன்னார்.

மாடி வீடு. கதவைத் திறந்தவள் பெட்டியை வைத்திருந்த டர்னரின் மருமகள். அக்கா விஷயத்தைச் சொல்லாமல், பெட்டியை வாங்கியது தான்தான் என்று மட்டும் சொன்னாள். செத்துப்போன ஒருவரைப் பற்றி விசாரிக்கப் போகிறோம் என்றுதான் நினைத்திருந்தாள்.

"உள்ள வாங்க. மாமா முழிச்சுக்கிட்டுதான் இருக்காரு," என்றாள் மருமகள்.

ஜன்னலோரம் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டதாம். கண்கள் சுவரில் எங்கோ நின்றன. கைகள் மட்டும் ஓயவில்லை. இடக்கை எதையோ தூக்கிச் செருகியது. வலக்கை எதையோ பிடித்து இழுத்தது. பிறகு வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் சின்னதாக எதையோ திருகின. ஒரு கணம் நிறுத்தி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் திருகின.

அக்காவுக்கு அது என்ன வேலை என்று யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"நாள் பூரா இப்படித்தாங்க," என்றாள் மருமகள். "அதுகூடப் பரவாயில்ல. இந்த விரலப் பாருங்க. காலையில சோப்புப் போட்டுத் தேச்சுக் கழுவுறேன். மத்தியானம் பாத்தா மறுபடியும் கறுப்பு. வீட்டுல எண்ணெய் எங்க இருக்கு சொல்லுங்க?"

கட்டைவிரல் அகலமாக இருந்தது. நகக்கண் வரை கறுப்பு. குனிந்தபோது அக்காவுக்குப் பழைய கியர்பெட்டி வாசனை வந்தது.

அவள் வாசலுக்கு வந்து தம்பிக்குப் போன் போட்டாள். திறந்திருந்த கதவு வழியே பெரியவரின் கை தெரிந்தது.

"டேய், போஸ்டுல ஹோல்டர் மாட்டியிருக்கா?"

"பார்ட்டிங் டூல் மாட்டியிருக்கு. ஏன்?"

"பக்கத்துல போயி நட்டப் பாரு."

செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே பெரியவரின் விரல்கள் காற்றில் திருகின. போனில் தம்பி மூச்சுவிடுவது மட்டும் கேட்டது.

"அக்கா," என்றான் மெதுவாக. "சுத்துது."

பெரியவர் நிறுத்தினார்.

"நின்னுடுச்சு. அக்கா, நீ சீக்கிரம் வா. நான் வெளிய நிக்கிறேன்."

அக்காவுக்கு அப்படியே படியிறங்கிப் போய்விடலாம், பெட்டியைக் குல்லாவின் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த மனிதர் தலையைச் சாய்த்துப் பார்த்த விதம் அவளைப் போகவிடவில்லை. அவர் தப்பாக எதுவும் செய்யவில்லை. உடைத்து விற்றுவிட்ட தன் லேத்தின் மையத்துக்கு டூலைச் சரிசெய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

உள்ளே போய் அவர் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்த ஹோல்டரை எடுத்து அவர் இடக்கையில் வைத்தாள். கை சட்டென்று நின்றது. பிறகு, தொலைந்துபோன பிள்ளையின் முகத்தைத் தடவுவது போல, விரல்கள் அதன் விளிம்பெல்லாம் தடவின. வலது கட்டைவிரல் தானாக நட்டுக்குப் போய், உயரத்தை இறக்கியது.

"ஐயா, உங்க லேத்து போயிடுச்சு," என்றாள் அக்கா. "இது இப்ப என் லேத்துல ஓடுது. என்னோடது கொஞ்சம் உசரம். இன்னும் ஏத்தணும்."

தன் கட்டைவிரலை அவருடையதன் மேல் வைத்து அழுத்தி எதிர்ப்பக்கம் திருப்பினாள். அவர் விரல் முரண்டு பிடித்தது. மறுபடியும் திருப்பினாள். "இவ்வளவுதான். இதுக்கு மேல வேணாம். கீழயும் வேணாம்." மூன்றாம் முறை அவள் கையை எடுத்துவிட்டாள். அவர் தானே திருகினார். சரியான இடத்தில் நிறுத்தினார். கண்கள் சுவரைவிட்டு இறங்கி அவள் முகத்தில் கொஞ்ச நேரம் தங்கின.

வாசல்வரை வந்த மருமகள் "அடிக்கடி வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு எந்த ஹோல்டரும் இறங்கவில்லை. காலையில் நட்டுகளில் எண்ணெய் இருக்கும். டூல் முனை மையத்தில் மயிரிழை பிசகாமல் நிற்கும். டூலைத் தீட்டி மாட்டினால்கூட மறுநாள் உயரம் தானாகச் சரியாகியிருக்கும். தம்பி மட்டும் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி லேத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வித்துடலாங்க்கா," என்பான்.

"வேலை ஒழுங்கா நடக்குதில்ல?"

"அதுதான் பயமா இருக்கு."

அக்கா நேரம் கிடைக்கும்போதெல்லாம் பெரியவரைப் போய்ப் பார்த்தாள். என்ன வேலை வந்திருக்கிறது, எந்த இரும்பு டூலைத் தின்கிறது என்று பேசிக்கொண்டிருப்பாள். அவர் கைகள் அவை பாட்டுக்கு வேலை செய்யும்.

மழைக்காலத்தில் மருமகள் போன் பண்ணினாள். மாமா போய்விட்டார் என்றாள். அக்காவும் தம்பியும் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போனார்கள். பெரியவரின் கைகளை நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தார்கள். கட்டைவிரல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"போறதுக்கு முன்னாடியே கறை விட்டுடுச்சு," என்றாள் மருமகள், அழுதுகொண்டே. "நான் தேய்க்கவேயில்ல."

திரும்பி வரும் வழியில் தம்பி பெருமூச்சு விட்டான். "இனிமே அது வெறும் இரும்புதான்." அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினாள். முந்தின நாள் பூட்டிப் போகும்போது போஸ்டில் முகம் சீவும் டூல் இருந்தது. இப்போது ஓட்டையைக் குடையும் போரிங் பார் மாட்டியிருந்தது. கைப்பிடி இறுக இழுத்துப் பூட்டியிருந்தது. நட்டைத் தொட்டாள். எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பம்ப் ரிப்பேர்காரர் வளையம் போன்ற ஒரு பித்தளைப் புஷ்ஷோடு இறங்கினார்.

"அவசரம் அக்கா. இந்த ஓட்டைய மட்டும் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க. பம்ப் திடீர்னு நின்னுபோச்சு."

அக்கா புஷ்ஷை வாங்கி லேத்தின் சக்கில் இறுக்கிப் பிடித்தாள். மோட்டாரைப் போட்டாள். எதையும் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. பித்தளை ஒரே சீராகப் பொடிந்து விழுந்தது. ரிப்பேர்காரர் அளவுக் கருவியை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டே வண்டி ஏறிப் போனார்.

தம்பி வந்தபோது அவள் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் போரிங் பாரைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ மாட்டினதா?"

அவள் துடைத்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள். அன்றிலிருந்து அவள் லேத்தின் முன் நடுவில் நிற்பதில்லை. கொஞ்சம் இடப்பக்கமாகத் தள்ளி, இன்னொருவர் நிற்க இடம்விட்டு நின்றாள்.